நாலாவது பற்சக்கரத்துக்கு நேராக

ஷ்டுட்கார்ட்டிலிருந்து பார்சல் வர நாற்பது நாள்.
ஒரு மூலை கிழிந்து, உள்ளே செய்தித்தாளில் சுருட்டி
அண்ணன் மெஹ்ரெதாபின் மூன்று மாதச் சேமிப்பு.

சங்கிலியை முதலில் எடுத்தேன்.
எண்ணெய் மினுங்கும் புதுச் சங்கிலி,
பத்துச் சக்கர அடுக்குக்கென்றே பிறந்த ஒல்லி.
என் சைக்கிளில் ஏழுதான்.
தடித்த பழைய பற்களின் மேல்
ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்தது,
சின்னச் செருப்பில் பெரிய குதிகால்.

அடுத்தது பெடல் அச்சு, கிண்ணங்களோடு.
வாயில் வைத்தேன்.
திருகவே வேண்டியிருக்கவில்லை,
சரக்கென்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.
என் சட்டகம் இத்தாலிக்காரன் விட்டுப்போனது:
முப்பத்தாறு மில்லிமீட்டர் வாய்,
இரண்டு பக்கமும் வலத்திருகு.
வந்ததோ ஆங்கிலேய அளவு,
அதிலும் ஒரு பக்கம் இடத்திருகு.
இரண்டு பேரும் அஸ்மாராவை விட்டுப் போய் எத்தனையோ வருடம்,
என் கால்களுக்கு நடுவில் மட்டும்
இன்னும் சமாதானம் ஆகவில்லை.

"எல்லாம் பொருந்தியதா லெம்லெம்?"
தொலைபேசியில் அவன் குரலுக்குப் பின்னால் டிராம் ஓடியது.
"ம், பொருந்தியது."

மெதெபெர் சந்தையில்
தகரம் தட்டும் இரைச்சலுக்குள் உட்கார்ந்து
ஹப்தெஸ்கி ஓர் அச்சைத் துடைத்துக் கொடுத்தார்.
கிண்ணம் இத்தாலி. முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.
நீளம் எவ்வளவு என்றேன்.
"அச்சு என்றால் அச்சு" என்றார்,
காசை எண்ணாமல் பைக்குள் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, தெக்கெம்ஹாரே சாலை.
சமதளத்தில் பேசாமல் வந்தது.
மேட்டில் பெரிய பல்லுக்கு மாற்றியதும்
கடகட, கடகட,
முன்னால் போன பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
கியர் கம்பியை இறுக்கினேன். தளர்த்தினேன்.
பின்கொக்கி கோணலோ என்று வளைத்துப் பார்த்தேன், பாவம்,
அதன்மேல் ஒரு தப்பும் இல்லை.

அன்றிரவு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
பின்னால் மண்டியிட்டு, ஒற்றைக் கண்ணை மூடி
சங்கிலி போகும் வழியைப் பார்த்தேன்.
தையல் நூலை முன்வட்டில் பிடித்துப்
பின்னால் இழுத்தேன்.
நாலாவது சக்கரத்தில், நட்ட நடுவில் சேரவேண்டிய நூல்
ஆறாவதைத் தொட்டது.
மூன்று வட்டுள்ள வண்டிக்குச் செய்த அச்சு அது.
என் ஒற்றை வட்டைப் பிடித்து
தெருப்பக்கமாகத் தள்ளி வைத்திருந்தது.
மேட்டில் சங்கிலி கத்தியது சரிதான்,
உள்ளே இருக்கும் பெரிய பல்லை எட்ட
குறுக்கே நீச்சலடித்திருக்கிறது.

குட்டை அச்சு வாங்கக் காசில்லை.
வட்டைக் கழற்றி, கைகளின் வெளிப்பக்கத்திலிருந்து
உள்பக்கத்துக்கு மாற்றினால்?
ஐந்து மில்லிமீட்டர் கிடைக்கும்.
பழைய போல்ட்டுகளில் இரண்டு துருவோடு உடைந்தன.
அப்போதுதான் பார்சலின் அடியில்
நான் பிரிக்காமல் விட்ட பொட்டலம் ஞாபகம் வந்தது.
ஐந்து போல்ட், ஐந்து நட், நகத்தளவு.
ஜெர்மன் இரும்பு, இத்தாலி ஓட்டை.
போயின.

வட்டுக்கும் சட்டகத்துக்கும் நடுவே
பேருந்துச் சீட்டைச் செருகி இழுத்தேன்.
உரசாமல் வந்தது. இரண்டாக மடித்தால் வராது.

"அந்தச் சின்ன போல்ட்டுகள் நல்ல போல்ட்டுகள்" என்றேன் அவனிடம்.
கொஞ்ச நேரம் டிராம் சத்தம் மட்டும்.
"மற்றதெல்லாம்?"
"சங்கிலியை ருத்தா கேட்கிறாள். அவளுக்குப் பத்து."
சிரித்தான். அளவெடுத்து எழுது என்றான்,
வாய், அச்சு, எல்லாவற்றையும்,
நீ எழுதாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்.

எழுதிக்கொண்டிருக்கிறேன்.
நாலாவதில் ஓசையே இல்லை.
முதலிலும் ஏழிலும் இரண்டு ஓரத்திலும்
ஒரே அளவு முணுமுணுப்பு.